எல்லாம் சிரிக்கிற முகங்கள்

போன வருடம், பிள்ளைகளின் மனநலத்தை அளக்க எங்கள் பழுகாமம் பாடசாலைக்கு ஒரு குழு வந்தது. "நீங்க எழுதிறது ஒருத்தருக்கும் தெரியவராது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள். அதை நம்பி, தினமும் அழுவதாக என் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிவிட்டாள். மறுநாளே, குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அவளுடைய தாய்க்கு அதிபர் அறையிலிருந்து அழைப்பு எடுத்தார்கள். அந்தத் தாய் போனிலேயே கதறினாள்.

இந்த வருடமும் அதே குழு வந்தது. இம்முறை தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே அழுகிற முகமும் சிரிக்கிற முகமும் இருந்தன. அவள் எல்லாக் கேள்விக்கும் சிரிக்கிற முகத்துக்கே புள்ளடி போட்டிருந்தாள்.

"போனமுறை அழுத பிள்ளை, இப்ப எப்பிடி மாறிட்டா பாருங்க டீச்சர்!" என்று அவளுடைய தாளை என்னிடமே நீட்டினார் குழுவோடு வந்த அதிகாரி. ஒருவருக்கும் தெரியவராத தாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளைத் தனியே கூப்பிட்டேன். "மெய்யாவே சந்தோசமா இருக்கியா மகள்?"

"இல்ல டீச்சர். உண்மையச் சொன்னா அம்மாவுக்குக் கோல் எடுப்பாங்க. பிறகு அம்மாவுக்கும் சேர்த்து நான்தான் அழணும்."

அந்த அதிகாரியை நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டிருப்பேன். கேட்டால் குவைத்துக்கு மறுபடி அழைப்புப் போகும்.

வாகனத்தில் ஏறும்போது அவர், "சந்தோசம்தானே டீச்சர்?" என்றார்.

"ஓம் சேர்" என்று சிரித்தேன். அப்படியொரு சிரிப்புக்குள் எவ்வளவு ஆத்திரம் கிடக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.