கல் மூடிய பெட்டி

பிரியவதனிக்கு அருவருப்பாக இருந்தது. இறுப்பிட்டிப் பொதுக் கிணற்றடிக்கென்று அவள் செய்த உப்புக் காவல் பெட்டியின் சின்னத் திரையில், இப்போது நாலு முகங்கள் வந்து போகவேண்டுமாம். பெட்டிக்குக் காசு கொடுத்த, சுவிஸிலிருக்கும் உபயகாரர், அவர் மனைவி, காலஞ்சென்ற தாய், தகப்பன் ஆழ்வாப்பிள்ளை.

தகப்பன் பாலசிங்கத்தின் வீட்டில் முதன்முதல் பட்டம் பெற்றவள் அவள்தான். மீன்பெட்டிகளுக்கு நடுவே பஸ்ஸில் நின்று நின்றே படித்து முடித்தவள். வேலணையில் ஒரு தனியார் நிலையத்தில் கணினி படிப்பிக்கிறாள். இந்தத் தீவில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாகத்தான் மிதக்கிறது. மோட்டர் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். ஏறினால் மாசக்கணக்கில் இறங்காது. அது ஏறத் தொடங்கும்போதே மோட்டரை நிறுத்துவதுதான் பெட்டியின் வேலை. மூளை, உள்ளே இருக்கும் இரண்டு விரல் அகலப் பலகை.

முதலில் நிரலைச் சும்மா ஒரு கோப்பாகத்தான் பலகையில் போட்டிருந்தாள். கரண்ட் போய்ப் போய் வந்ததில் அந்தக் கோப்பு இரண்டு தரம் பழுதாயிற்று. ஆகவே பலகையை இயக்கும் அடிப்படை நிரலான பைதன் ஃபேர்ம்வெயாரையே மூலத்திலிருந்து கட்டி, தன் நிரலை அதற்குள்ளேயே பதித்துவிடத் தீர்மானித்தாள். பழைய மடிக்கணினி அடுப்புக்கல்லாகச் சுட்டது. மூன்றாம் நாள், பிழை ஒன்றுமில்லாமல் கொம்பைல் ஆனது. பலகையின் பொத்தானை அமத்திப் பிடித்து வயரைக் குத்தி, கோப்பை ஏற்றிவிட்டு, பரீட்சை முடிவு பார்த்த நாள்போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் உபயகாரரின் படங்கள் வந்தன. நாலையும் முழுத் திரைக்கு வைத்தால் ஃபேர்ம்வெயார் பலகையில் கொள்ளவில்லை. முத்திரை அளவுக்குச் சுருக்கினாள். உடனே சுவிஸிலிருந்து அழைப்பு.

"தங்கச்சி, அப்பாவின்ர நெத்தியில திருநீறு தெரியேல்லை."

"அண்ணை, இது உப்புப் பாக்கிற பெட்டி."

"அதுக்குத் திருநீறு தெரியக்கூடாதோ?"

தெரியும்படி செய்து கொடுத்தாள். அதோடு விட்டார்களா? கிணற்றுச் சபைத் தலைவர் விநாயகமூர்த்தி வந்தார்.

"பிள்ளை, திறப்பு விழா அண்டைக்கு மோட்டர் இடையில நிண்டால் என்ன மரியாதை? சுவிஸில இருந்து நேரில பாத்துக்கொண்டிருப்பினம். அந்த நிப்பாட்டிற விசயத்தை ஒரு நாளைக்கு மட்டும் எடுத்துவிடும்."

"அதுதானே ஐயா பெட்டியே!"

"ஒரு நாள்தானே கேக்கிறன்."

ஒரு நாள்தானே என்று அவளும் இணங்கினாள். நிறுத்தாத ஃபேர்ம்வெயார் ஒன்றைத் தன் கையாலேயே கட்டி ஏற்றினாள். பிறகு நினைக்குந்தோறும், அந்த இணக்கம்தான் அவளுக்கு எல்லாவற்றிலும் அருவருப்பாக இருந்தது.

விழா முடிந்த மறுநாள் காலை, சரியான ஃபேர்ம்வெயாரை ஏற்ற வயரோடு போனாள். பெட்டியைக் காணவில்லை. அதன்மேல் பளபளவென்று ஒரு கருங்கல். 'அமரர் ஆழ்வாப்பிள்ளை ஞாபகார்த்தமாக' என்று பொன்னெழுத்து. திரை தெரிய மட்டும் கல்லில் ஒரு சதுரம் வெட்டி, மிச்சத்தை மேசன் சீமெந்தால் பூசியிருந்தார். பெட்டியின் கதவும் பொத்தானும் வயர் குத்தும் வாயும் உள்ளே.

"கல்லைக் கழட்ட ஏலாது பிள்ளை," என்றார் விநாயகமூர்த்தி. "ஐயர் வந்து பூசை செய்து வைச்ச கல்லு. செத்த மனிசன்ர பேர்."

"அப்ப கிணறு சாகட்டோ?"

"வயர் இல்லாமல் ஃபோனால செய்யேலாதோ? கம்பஸில படிச்சு முடிச்சனீர்தானே."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பலகைக்கு வயரைத் தவிர வேறு வழியில்லை. முன்பென்றால் யாராவது கணக்காக மோட்டரை நிறுத்துவார்கள். இப்போது எல்லாம் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று, காலையில் போட்ட மோட்டர் மத்தியானம்வரை ஓடியது. திரையில் ஆழ்வாப்பிள்ளை திருநீற்றோடு வந்து வந்து போனார்.

ஐந்தாம் நாள் அயல்வீட்டு ஞானசவுந்தரி தேத்தண்ணியை வாசலில் துப்பினாள். "சீ, கடல் தண்ணி! இவளின்ர பெட்டி வந்தாப்பிறகுதான் இந்தச் சீர்கேடு."

அடுத்த நாள் பத்து மணிக்கு, குடங்கள் வரிசையில் இருக்கும்போதே, பிரியவதனி தகப்பனின் அலவாங்கோடு வந்தாள். ஒருவரையும் கேட்கவில்லை. இரண்டு நெம்பு. கல் பொன்னெழுத்தின் குறுக்கே பிளந்து விழுந்தது. பொத்தானை அமத்தினாள், வயரைக் குத்தினாள், ஏற்றினாள். முகங்கள் நாலும் போயின. திரையில் ஒரு எண் மட்டும் நின்றது. உப்பு, எல்லையைத் தாண்டி இரண்டு மடங்கு. ஓடிக்கொண்டிருந்த மோட்டர் நின்றது.

விநாயகமூர்த்தி இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "கல்லையும் உடைச்சு மோட்டரையும் கெடுத்துப்போட்டீர்!"

"மோட்டர் நல்லாத்தான் இருக்கு ஐயா. தண்ணிதான் கெட்டுப்போச்சு. உப்பு இறங்கிற வரைக்கும் ஓடாது."

"எப்ப இறங்கும்?"

"மாரி பெய்ய வேணும்."

"அப்ப நாங்கள் குடிக்கிறது?" என்று ஞானசவுந்தரி குடத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"தண்ணிப் பவுசருக்குச் சொல்லுங்கோ அக்கா."

"பெட்டியை விட்டிட்டு மோட்டருக்கு நேர லைன் குடுப்பம், வயர்காரனைக் கூப்பிடுங்கோ," என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. 'ஓம், ஓம்' என்று நாலு தலைகள் ஆடின. தலைவரும் மறுக்கவில்லை.

பிரியவதனி அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வாயில் கரிப்பு ஊறியது. மோட்டர் கொட்டிலுக்குள் போனாள். மோட்டருக்குக் கரண்ட் போகும் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். யாரோ பின்னால் தூசணத்தில் கத்த, வேலணை பஸ்ஸுக்கு நடந்தாள்.