இளஞ்சிவப்புப் பொட்டலம்

சின்ன வயதில் என் நெஞ்சு சொல்பேச்சுக் கேட்காது. சும்மா உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருக்கும்போதே, ஓடி வந்தவளுக்கு அடிக்கிற மாதிரி படபடவென்று அடிக்கும். எறணாகுளத்து டாக்டர் அதற்கு ஒரு மாத்திரை எழுதினார். அதுவோ பெரியவர்களுக்கான அளவில் மட்டும்தான் கிடைத்தது. எனக்கு வேண்டியது அதில் ஒரு துணுக்கு, கத்தியால் வெட்டி எடுக்க முடியாத துணுக்கு. அதனால் என் உயிர், அம்மாவின் தங்கையான சின்னம்மாவின் கையில் போய்ச் சேர்ந்தது.

சின்னம்மா மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். வாரம் ஒருமுறை கடையின் பின்னறையில் எனக்காக, மருந்து அரைக்கிற பீங்கான் கலுவத்தை எடுத்து வைப்பாள். மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று முதலில், மருந்தோடு கலக்கிற பால் சர்க்கரைப் பொடியைக் கொஞ்சம் போட்டுத் தேய்ப்பாள். பிறகு ஒரே ஒரு மாத்திரையைப் போட்டு அரைப்பாள். அதில் ஒரு சிட்டிகை சிவப்புச் சாயம். அப்புறம் கலுவத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சர்க்கரை, கலந்ததும் மறுபடி அவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போவாள். மொத்தமாகக் கொட்டினால் மருந்து ஒரு மூலையில் ஒளிந்துகொள்ளுமாம். பொடி முழுக்க ஒரே இளஞ்சிவப்பாகிவிட்டால் மருந்தும் சமமாகப் பரவிவிட்டது என்று கணக்கு. அதைப் பிரித்துப் பொட்டலம் மடித்துக் கொடுப்பாள். அம்மா தினமும் ஒன்றைத் தேனில் குழைத்து என் நாக்கில் தடவுவாள்.

பெருநாளுக்கு முந்தின வாரம் அது. அம்மா காலையிலேயே கடைக்குப் போய்ப் புதுப் பொட்டலங்களை வாங்கி வந்து, ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் சின்னம்மா வந்து நின்றாள். கடையில் போடுகிற வெள்ளைக் கோட்டு அப்படியே இருந்தது. காலில் செருப்பு இல்லை.

"அக்கா, பாப்பாக்குக் குடுத்தாச்சா?"

"இப்பத்தான் குடுத்தேன். ஏண்டி, ஒரு ஃபோன் பண்ணா ஆகாதா?"

"எத்தன வாட்டி விளிச்சேன், நீ எடுத்தாத்தானே. ரெண்டு மாத்திரை போட்டுட்டேன்க்கா."

நின்றபடியே சொல்லி முடித்தாள். மாத்திரையை அரைத்து முடித்தபோது கடையின் முன்பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். போய்விட்டு வந்து பார்த்தால் கலுவத்தில் வெள்ளைப் பொடி. முதலில் தேய்க்கிற சர்க்கரைதான் அது என்று நினைத்து இன்னொரு மாத்திரையைப் போட்டு அரைத்துவிட்டாள். சாயம் அதற்குப் பிறகுதான். பொடி அழகாக ஒரே நிறமாக வந்திருக்கிறது. எத்தனை மாத்திரை என்று சாயத்துக்கு என்ன தெரியும்? மேசையைத் துடைக்கும்போது, அன்றைக்குப் பிரித்த புது மாத்திரை அட்டையில் ஒன்றுக்குப் பதில் இரண்டு குழி காலியாக இருந்ததைப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள்.

அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். இடுப்பில் தூக்குகிற வயதெல்லாம் தாண்டியவள் நான். அதிலேயே எனக்கு விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது.

ஆட்டோவில் சின்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். மருந்து அதிகமானால் நெஞ்சு ரொம்ப மெதுவாகிவிடும் என்று அம்மாவிடம் அவள் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. மெதுவாகி மெதுவாகி அப்புறம் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை. வழியில் மிளகு மூட்டை இறக்குகிற லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. சின்னம்மா எண்ணுவதை விட்டுவிட்டு, "சேட்டா, வேற வழி இல்லியா?" என்று டிரைவரிடம் கத்தினாள். அவள் எண்ணுகிறவரைக்கும்தான் என் நெஞ்சு அடிக்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

"எண்ணு சின்னம்மா, நிறுத்தாத" என்று அழுதேன்.

அவள் முகம் அப்போது போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. திரும்பவும் எண்ணினாள், இந்த முறை எனக்குக் கேட்கும்படி சத்தமாக.

ஆஸ்பத்திரியில், மருந்து யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். சின்னம்மா முன்னால் வந்து, தான்தான் என்றும், ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிட்டதாகவும் மலையாளத்தில் உடைத்துச் சொன்னாள். அங்கே நின்ற அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். என் நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். பக்கத்தில் இருந்த டிவி மாதிரிப் பெட்டிக்குள் ஒரு பச்சைக் கோடு ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இனி ஏறாது என்றே நினைத்தேன். பிராட்வேயில் இருந்த தன் கடையைப் பாதியில் விட்டு வந்த என்னைப் பெற்ற அத்தா, கையில் ஐஸ்கிரீமோடு உள்ளே நுழைந்தார். ஜலதோஷம் பிடிக்கும் என்று வருஷம் முழுக்க மறுத்தவர் கேட்காமலே வாங்கி வந்தால் என்ன அர்த்தம்? கதை முடிந்தது என்று தெரிந்துகொண்டேன். நர்ஸ் அதைத் தின்னவும் விடவில்லை.

ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வயர்களைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வேளைதானே போயிருக்கிறது, தொடர்ந்து போயிருந்தால்தான் ஆபத்து என்றார் டாக்டர். படியிறங்கும்போது அத்தா யாரையும் பார்க்காமல், "இனிமே அவ கையால ஒண்ணும் வேணாம்" என்றார்.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு நேராக அந்தக் கடைக்கே போனாள். பின்னறையில் சின்னம்மா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"வேணாம்க்கா. எறணாகுளத்துல வேற யார்கிட்டயாவது பண்ணிக்கோ. எனக்குக் கை நிக்க மாட்டேங்குது."

"நிக்கட்டும். நின்ன பெறவு அரை" என்று சொல்லிவிட்டு அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மறுத்தேன். அம்மா மூக்கைப் பிடித்து அந்தப் பொடியைப் புகட்டினாள். அத்தா ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை. எனக்கோ அம்மாவைப் பார்த்தாலே பயமாக இருந்தது. பெற்ற பெண்ணைக் கொல்லப் பார்த்த கையிலேயே திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிறாளே, இவளுக்கு என்னை வேண்டாம் போலிருக்கிறது என்று பல நாள் தலையணைக்குள் அழுதிருக்கிறேன்.

அன்று காலையில் சின்னம்மா அந்த மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, ஏதோ சாக்குச் சொல்லி மீதிப் பொட்டலங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அப்படி ஒரு வழி இருந்ததே எனக்கு அந்த வயதில் தோன்றவில்லை. அம்மாவுக்கு, மறுநாள் அந்த ஸ்டூலில் போய் உட்காரும் முன்பே, தோன்றியிருக்கிறது.