கொஞ்சம் எண்டு சொல்லு

எங்கள் ஊர்ச் சனத்திடம் இருக்கும் அளவுகோலில் ஒரே ஒரு கோடுதான் உண்டு. அதன் பெயர் "கொஞ்சம்". மட்டக்களப்பில் வெள்ளம் கூரையைத் தொட்ட வருசத்தைப் பற்றிச் சொல்லும்போதும் அப்பா, "அந்த முறை கொஞ்சம் தண்ணி வந்தது" என்றுதான் தொடங்குவார். ஊரை விட்டு ஓடிய காலம் அவருக்குக் "கொஞ்சம் பிரச்சினையான நேரம்". காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதித்தாலும் கொஞ்சம் மேல் சுடும், அவ்வளவுதான். கொஞ்சம் என்பது எங்களுக்கு அளவில்லை, மரியாதை. கேட்கிறவரைப் பயப்படுத்தக் கூடாது, தன் வருத்தத்தைப் பெரிதாகக் காட்டக் கூடாது என்பதற்காகச் சொல்வது. இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு யோசித்துக் கண்டது. எட்டு வயதில் எனக்குக் கொஞ்சம் என்றால் கொஞ்சந்தான். அதற்குச் சரியான பிரெஞ்சுச் சொல்லும் தெரிந்திருந்தது. அதுதான் வினையாகப் போனது.

அப்போது மொன்றியலில் நாங்கள் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படி. அப்பா துறைமுகத்தில் கொள்கலன்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை செய்தார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஒரு தம்பியோ தங்கச்சியோ வேண்டுமென்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். கடையில் இனிப்புக் கேட்கிற மாதிரி, போகிற வருகிற இடமெல்லாம் கேட்பேன். அம்மா "பாப்பம் மனே" என்பார். எங்கள் பக்கத்தில் செல்லமாகப் பிள்ளையைக் கூப்பிடுவது அப்படித்தான்.

கீழ்வீட்டில் யாழ்ப்பாணத்து மாமி ஒருவர். சொந்த மாமி இல்லை, படியேறி வந்து பழகியதால் மாமி. புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி கட்டப் போவார். அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள். அந்த வருசந்தான் என் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். நான் ஐந்து வயதில் போட்ட செம்மஞ்சள் பனியுடுப்பு, காலிலிருந்து கழுத்துவரை ஒரே சிப்பை இழுத்து மூடுகிற உடுப்பு, எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் கறுப்புப் பையில் கிடந்தது. மாமி அதைத் தன் மகளுக்குக் கேட்டார். கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கிறவர்தான் அம்மா. அந்த முறை மட்டும், "இருக்கட்டும்கா, மறுகா பாப்பம்" என்று தள்ளிப்போட்டுவிட்டார்.

"மறுகா மறுகா எண்டு மாரி முடிஞ்சிடும்," என்றார் மாமி. "அப்பிடி ஆருக்கு வச்சிருக்கிறியள்? திரும்பச் சின்னப்பிள்ளையாகி நீங்கள் போடப் போறியளோ?"

"ஓம்கா, போட்டுக்கு உங்கட வாசல்லதான் சறுக்கப் போறன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமி படியிறங்கும்போது மட்டும் இரும்புப்படி வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட்டது.

அந்தப் பனி மாரியில் அம்மாவும் அப்பாவும் வேறும் சில புதினமான காரியங்கள் செய்தார்கள். கருவாடு பொரித்தால் அம்மா யன்னலைத் திறந்து, பனிக்காற்றில் தலையை நீட்டிக்கொண்டு நின்றார். துணி தோய்க்கும் கடைக்கு உடுப்புப் பையை அப்பாவே தூக்கிக்கொண்டு போனார். அவர் வாழ்க்கையில் அதுவரை செய்யாத வேலை. என் கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டு, நடுவில் கிடைத்த வெற்றிடத்தைப் பார்த்தபடி இருவரும் வாசலில் நின்றார்கள். தள்ளிப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. யன்னல் எட்டவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு மட்டும் வேலை, பிள்ளைகளுக்கு விடுமுறை. அப்பா துறைமுகத்தில், மாமி பண்டகசாலையில். மத்தியானம் குளியலறையிலிருந்து வந்த அம்மாவின் முகம் மா அப்பிய மாதிரி இருந்தது. மேல்கோட்டை எடுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவம். கொஞ்சம் சுகமில்ல."

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நான் தொலைபேசியை எடுத்தேன். அம்மா அதை வாங்கித் திரும்ப வைத்தார். ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே வந்து நின்று பார்க்கும் என்றார். பஸ்ஸில் போனோம். ஆறு நிறுத்தங்கள். அம்மா ஒரு துவாயை மடித்துப் போட்டு அதன்மேல் இருந்தார். பஸ் சீட் குளிர்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு "பொன்ஜூர்" தெரியும், "மெர்சி" தெரியும். இரண்டுக்கும் நடுவில் வருகிற பிரெஞ்சு முழுவதற்கும் நான்தான் பொறுப்பு. பொறுப்பாகத்தான் செய்தேன். சொல்வதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொல்ல வேண்டும் என்பது எனக்கு ஒரு பெருமை. ஆஸ்பத்திரியில் எண் எடுத்து, கூப்பிட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த தாதியிடம் போனோம். மூக்கு நுனியில் பச்சைக் கண்ணாடி போட்டிருந்தார். இரத்தம் போகிறது என்பதை அம்மா சாடையாகச் சொன்னார், நான் நேராகச் சொன்னேன். எவ்வளவு என்று தாதி கேட்டார்.

"கொஞ்சம் எண்டு சொல்லு மகள்."

சொன்னேன்.

அடுத்த கேள்வியை அவர் அம்மாவைப் பார்த்தே கேட்டார். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

"அம்மா, உங்களுக்குப் பாப்பா கிடைக்கப் போகுதாமா எண்டு கேக்காங்க."

அம்மா என் வாயையே பார்த்தார். நான் சிரித்து முடிக்கும்வரைக்கும் பார்த்தார். பிறகு தாதியைப் பார்க்காமல், மேசை விளிம்பைப் பார்த்தபடி, "இல்லை எண்டு சொல்லு," என்றார்.

அதையும் அப்படியே சொன்னேன்.

தாதி எழுதிக்கொண்டு, போய் இருக்கும்படி கையைக் காட்டினார். சுவரோரம் நாற்காலி வரிசை. எங்களுக்கு முன்னால் இருமுகிறவர்கள், கையைக் கட்டித் தூக்கியவர்கள், காதுக்குள் குத்துகிறதென்று அழுகிற குழந்தை ஒன்று. அந்தக் குழந்தைக்கு நான் முகத்தைச் சுளித்து விளையாட்டுக் காட்டினேன். பெரிய மணிக்கூட்டில் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்றில் பாதி போனது. அம்மா என் தோளில் சாய்ந்தார். எட்டு வயதுத் தோளில் ஒரு பெரிய ஆள் சாய்வதென்றால் எப்படி இருக்கும்? நான் நிமிர்ந்து இருந்தேன், பெருமையாகவும் இருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் அம்மாவின் பனிச் சப்பாத்தின் விளிம்பில் சிவப்பைக் கண்டேன். சப்பாத்துக்குள்ளிருந்து அல்ல, மேலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நிலத்தில் உருகிக் கிடந்த பனித்தண்ணீரில் அது மெதுவாகப் பரவியது.

"அம்மா, கூடப் போகுது."

"இல்ல மனே. கொஞ்சந்தான்." கண்ணைத் திறக்காமல் சொன்னார்.

நான் அவர் தலையை மெல்லச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து போனேன். கண்ணாடிக்கு முன்னால் வேறு யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே போகக் கூடாது என்று வளர்த்த பிள்ளை. ஆனாலும் கண்ணாடியில் உள்ளங்கையால் தட்டினேன். முதலில் சொன்னது பிழை, கொஞ்சம் இல்லை, நிறைய, நிறைய என்று பிரெஞ்சில் சொன்னேன். அம்மா சொல்லாததை நானாகச் சொன்ன முதல் தடவை அது. பொய் சொல்லி அகப்பட்ட மாதிரிக் கன்னம் எரிந்தது.

பச்சைக் கண்ணாடித் தாதி கதிரையைத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். அம்மாவின் சப்பாத்தைப் பார்த்தார். உள்ளே திரும்பி ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். எமொராஜி. அந்த ஒரு சொல்லுக்குக் கதவு திறந்தது, தள்ளுகட்டில் வந்தது, நாலு பேர் ஓடி வந்தார்கள். காது குத்துக் குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. தெரிந்த சொல்லெல்லாம் சொல்லியும் அசையாத கட்டடம் அதற்கு அசைந்ததைப் பார்த்து, இப்படி ஒரு சொல் இருப்பது தெரியாமல் போயிற்றே என்று நான் நினைத்தேன்.

அம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு தாதி எனக்கு ஆப்பிள் சாறும் பிஸ்கட்டும் தந்தார். அந்தச் சொல்லின் அர்த்தத்தை அவரிடம் கேட்டேன். இரத்தம் வந்தால் எல்லாம் எமொராஜி ஆகாது என்றார். முழங்கால் உரசினால் வருவது தானே நின்றுவிடும். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல், உடம்பு தாங்குவதைவிட வேகமாக ஓடினால்தான் அந்தப் பெயர். எழுத்துக் கூட்டித் தரச் சொன்னேன். எண் எடுத்த துண்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்.

வேலைச் சப்பாத்தோடும் தலைக்கவசத்தோடும் அப்பா ஓடி வந்தபோது நான் அந்தத் துண்டைத்தான் நீட்டினேன். அவர் அதை வாசிக்கவில்லை. வைத்தியருடன் போய்க் கதைத்துவிட்டு வந்து, என்னை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, தலைக்கவசத்தைக் கழற்ற மறந்துபோய் இருந்தார். அம்மாவுக்கு எப்படி என்று கேட்டேன்.

"தப்பிட்டா," என்றார். "கொஞ்சம் இரத்தம் ஏத்துறாங்க."

மூன்றாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தார். எனக்கோ கையில் ஒரு புதுச் சொல். பள்ளிக்கூடத்தில் பென்சில் கூர் விரலில் குத்தியதற்கு எமொராஜி என்றேன். ஆசிரியை சிரித்தார். இரண்டாம் தடவை உடைந்த சிவப்புப் பேனாவுக்கும் அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. வீட்டில் அப்பா மீன் தகரம் திறக்கும்போது பெருவிரலை வெட்டிக்கொண்டார். நான் துள்ளிக் குதித்து அந்தச் சொல்லைக் கூவினேன். அடுப்படியில் நின்ற அம்மா கரண்டியை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அந்தக் கதைய வீட்டுக்குள்ள எடுக்காத மகள்," என்றார் அப்பா. விரலை வாய்க்குள் வைத்திருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் விளங்கியது. ஏன் என்று மட்டும் விளங்கவில்லை.

இப்போது எங்கள் ஆட்களோடு துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, யாராவது கொஞ்சம் என்றால் நான் விடுவதில்லை. எத்தனை துணி மாற்றினீர்கள், எத்தனை மணித்தியாலத்துக்குள் என்று கேட்பேன். தமிழ் அகராதியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். குருதிப்பெருக்கு என்று அழகாகப் போட்டிருக்கிறது. ஆறு பெருகுவது போல. ஆனால் எங்கள் ஆட்கள் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மூன்று மாதம் முடியும்வரை வயிற்றுப் பிள்ளையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, கண்பட்டுவிடும் என்று அவர்கள் வைத்திருக்கும் வழக்கமும் அப்படியே இருக்கிறது. அதிலும், சிரித்துக்கொண்டு நிற்கிற சொந்தப் பிள்ளையின் வாயால் எப்படிச் சொல்வது? அன்றைக்கு அம்மா சொல்லச் சொன்ன இரண்டு பொய்களில் ஒன்றைத்தான் நான் திருத்தினேன். மற்றதும் பொய்யென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த நாற்காலியில் அவ்வளவு நேரம் இருந்திருக்க மாட்டோம். பிள்ளை தங்கியிருக்காது என்று அம்மா பிறகு ஒரு நாள் சொன்னார். எனக்காகச் சொன்னாரோ என்னவோ. தம்பியோ தங்கச்சியோ, இருந்திருந்தால் என்னோடு பிரெஞ்சில் சண்டை பிடிக்கும், அம்மாவிடம் தமிழில் கோள் சொல்லும். அந்தச் சண்டைக்கு நான் இன்னும் ஏங்குகிறேன்.

அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் செய்த முதல் வேலை, கறுப்புப் பையை இறக்கிக் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. மாமி வாங்கும்போது பகிடி ஒன்றும் விடவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். எனக்குக் கோபம் வந்தது. அது என்னுடைய உடுப்பு அல்லவா?

மறுநாள் காலையிலிருந்து மாமியின் மகள் செம்மஞ்சள் உருண்டையாக என்னோடு பள்ளிக்கூடம் வந்தாள். பனிக்குவியலில் விழுந்து எழும்பி, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. திரும்பிப் பார்த்தால் மேல்மாடி யன்னலில் அம்மா நிற்பார். மாரி முடியும்வரைக்கும் ஒரு காலைகூடத் தவறாமல் நின்றார். என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்து, தெருமூலை திரும்பும்வரை கையைக் காட்டிக்கொண்டே போவேன்.