கழுதைக்குக் காது இருக்கட்டும்

பீங்கான் பட்டறையில் என் வேலை பிசிறு எடுப்பது. அச்சிலிருந்து எடுத்த யானை, அன்னம், மயில் எல்லாவற்றிலும் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு வரி நிற்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வைப்பேன். யாரோடும் அதிகம் பேச மாட்டேன். நாலு பேர் பார்த்தால் எனக்கு வாய் வராது.

போன கொலுவுக்கு முன்னால் முதலாளியம்மா வந்து, "அச்சு பொம்மையே பாத்து சலிச்சுப்போச்சு. ஆளுக்கு ஒண்ணு கையால செய்யுங்க. அவங்கவங்க வூட்டுல இருந்த பிராணியா இருக்கட்டும். கண்காட்சியில வைப்போம்" என்றார். ஒருத்தி பசு செய்தாள், ஒருத்தி சேவல். நான் கழுதை செய்தேன்.

எங்களுக்குத் துணி வெளுக்கிற தொழில். மணிமுத்தாற்றுக்கு மூட்டை சுமந்தது கழுதைதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். ஐந்தாவதோடு நின்றுவிட்டேன்.

மண் கழுதையின் வயிற்றைக் குடைந்து, காற்றுப் போக அடியில் ஓட்டை விட்டேன். இல்லாவிட்டால் சூளையில் வெடித்துவிடும். முதுகில் மூட்டை வைத்து, முடிச்சை அம்மா போடுகிற மாதிரியே போட்டேன். காது இரண்டும் நீளமாக நின்றன.

வர்ணம் பூசுகிற பெண் எட்டிப் பார்த்தாள்.

"பெரிம்மா, காதைக் கொஞ்சம் வெட்டிவுட்டா குதிரை ஆயிடும். கொலுவுல யாரு கழுதைய வைப்பாங்க?"

"ஏன்டி, அடியில 'என்னைப் பார் யோகம் வரும்'னு எழுதிடு. கடைக்காரங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றாள் சேவல் செய்தவள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வர்ணம் பூசுகிறவள் சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தாள். ஈர மண், ஒரு இழுப்பில் போய்விடும். நான் கையை வைத்துக் காதை மறைத்தேன்.

"காது இருக்கட்டும்மா."

"நீளக் காது சூளையில வளைஞ்சிடும் பெரிம்மா."

"வளைஞ்சா வளையட்டும். கோணக் கழுதையா இருந்துட்டுப் போவுது. குதிரையா ஆவ வேணாம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். நான் அவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

சூளை திறந்தபோது ஒரு காது பின்பக்கம் சாய்ந்திருந்தது. சத்தம் கேட்டால் கழுதை அப்படித்தான் காதைத் திருப்பும். நானே நினைத்துச் செய்திருந்தால்கூட அது வந்திருக்காது.

கண்காட்சியில் செய்தவர்களும் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றார்கள். நின்றேன். வெளியூர்க்காரர் ஒருவர் குனிந்து பார்த்து, "குதிரைக்குட்டியாம்மா?" என்றார்.

"கழுதைங்க. எங்க வூட்டுக் கழுதை. மேல இருக்கிறது நாங்க வெளுத்த துணிங்க."

முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளாமல், அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். வர்ணம் பூசுகிற பெண் பின்னாலிருந்து, "எங்க பெரிம்மா கையால செஞ்சதுங்க, அச்சு இல்ல" என்றாள்.