தலை தீபாவளிக் கோட்டு

தலை தீபாவளிக்கு நாகப்பட்டினம் கிளம்பும்போது மைசூரு வீட்டில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது நான் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே எப்படி வேர்க்கும் என்று எனக்குத் தெரியாதா? என் கணவருக்கு மெல்லிய பருத்தி வேட்டி, அரைக்கைச் சட்டை, துடைத்துக்கொள்ள நாலைந்து துண்டு, ஒரு டப்பா பவுடர், இவ்வளவு போதும் என்றேன். தேவராஜ மார்க்கெட் பக்கம் போய்த் துண்டுகளை வாங்கியும் வந்துவிட்டேன்.

மாமியார் கடலைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கடல்காற்று பட்டால் சளி பிடிக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பெட்டியைத் திறந்து, என் துண்டுகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, இரண்டு ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாவும் வைத்தார். போதாததற்கு ரிசப்ஷனுக்குத் தைத்த கம்பளிக் கோட்டு வேறு. மாமனார் வீட்டுக்கு முதன்முதலாகப் போகிற பிள்ளை கோட்டில்லாமல் நின்றால் மைசூருக்கே அவமானமாம். என் கணவர் அம்மா பிள்ளை, தலையாட்டினார். பட்டால்தான் தெரியும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நாகையில் மழை இதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஓர் இலை அசையவில்லை. கோட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கியவருக்கு வீட்டு வாசல் சேர்வதற்குள் காலர் நனைந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு தாளவில்லை. உள்ளே போனால் அதைவிடக் கூத்து. வருஷம் முழுக்க இடுப்பில் கைலி, தோளில் துண்டு என்று இருக்கும் என் அப்பா, முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பித்தான் வரை பூட்டிக்கொண்டு நின்றார். ஜுரமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, அப்பா எடுத்துக் கொடுத்த பட்டு வேட்டியைக் கட்டி, அதன்மேலும் கோட்டைப் போட்டுக்கொண்டார் என் கணவர். மைசூருப் பெரிய மனிதர்கள் அப்படித்தான் போவார்களாம். அப்பாவும் புதுச் சட்டையைப் பூட்டிக்கொண்டார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, மழை வருமா வராதா என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கரண்டு போயிற்று. எனக்குக் குறும்பு தலைக்கேறியது. யார் முதலில் தோற்கிறார்கள் பார்ப்போமே என்று கொதிக்கக் கொதிக்கக் காப்பி கொண்டுபோய் வைத்தேன். பின்னாலேயே சூடான பஜ்ஜி. சாப்பாட்டில் ஆவி பறக்க மிளகு ரசம். மூக்கிலிருந்து சொட்டச் சொட்டக் குடித்தார்களே தவிர, ஒரு பித்தானும் அவிழவில்லை.

கை கழுவக் கொல்லைக்கு வந்த அப்பா, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தார். காலரை விலக்கிப் பார்த்தேன். கழுத்தெல்லாம் செக்கச்செவேலென்று வேர்க்குரு.

"கழட்டித் தொலைங்கப்பா," என்றேன்.

"அவுரு கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. நான் வெத்து ஒடம்போட நின்னா, சட்டகூட இல்லாதவன் வூட்டுப் பொண்ணுன்னு நாளைக்கி ஒன்னயத்தான சொல்லுவாங்க?"

என் சிரிப்பெல்லாம் அங்கேயே போயிற்று. ரசத்தில் மிளகைக் கூட்டிப் போட்ட கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நேரே கூடத்துக்குப் போய், அப்பா சொன்னதை அப்படியே என் கணவரிடம் சொன்னேன்.

அப்பா வரும்வரை காத்திருந்து அவர் எழுந்தார். புழுக்கத்தைக் கன்னடத்தில் செகெ என்பார்கள். அவசரத்தில் அவருக்கு அந்த வார்த்தைதான் வந்தது.

"செகெ தாங்கல மாமா. நீங்க தப்பா நெனைக்கலேன்னா இத கழட்டிர்றேன்."

அப்பாவுக்குச் செகெ புரிந்ததோ இல்லையோ, கை தானாகக் கழுத்துப் பித்தானுக்குப் போய்விட்டது. கோட்டு, சட்டைகள், பனியன்கள் எல்லாம் கொடியில் ஏறின. இருவரும் வெற்றுடம்போடு சிமெண்டுத் தரையில் சாய்ந்தார்கள். அப்பா பனையோலை விசிறியை எடுத்து மாப்பிள்ளைக்கு வீசினார்.

"கோட்டு ரொம்பக் கனமோ மாப்ளே?"

"உங்க சட்டையவிடவா மாமா?" என்றார் என் கணவர்.