துரையின் ஏழு மணிச் சண்டை

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடியில் குடியிருந்த துரைக்கு, சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியோடு சண்டை போடாவிட்டால் சோறு இறங்காது. மணலியில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் பிட்டர் வேலை. ஆறரைக்கு வந்து, முகம் கழுவி, கைலி மாற்றிக்கொண்டு உட்கார்ந்தாரானால், சீரியலில் வரும் மாமியார் விசாலத்துக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை.

“ஏம்மே விசாலம், அந்தப் பொண்ணு உனக்கு இன்னா பாவம் பண்ணுச்சு? நகையை நீயே அரிசி டப்பாவுல ஒளிச்சு வச்சிட்டு, நீயே காணோம்னு அழுதுகினு கீற. உன் புள்ளை வாயில இன்னா கொழுக்கட்டையா?”

அவர் மனைவி ரமாபாய் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். வீட்டுக்கு வந்தால் மறுபடி அடுப்பு. அதனால் சீரியலை அவள் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். சீரியலைக் கேட்டதைவிடத் துரையைக் கேட்டது அதிகம். யார் நல்லவள், யார் கெட்டவள், யார் சுத்த மக்கு என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு காத்தூன் பீவி தன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இவரைக் கேட்டுக்கொண்டிருப்பாள். “நேத்து உங்க வூட்டுக்காரரு அந்த வக்கீலை இன்னா போடு போட்டாரு ரமா” என்று மறுநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சொல்லிச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காமெடி நாடகம். அதில் ஆள் வழுக்கி விழுவதற்கு முன்னாலேயே “இப்ப வுழுவான் பாரு” என்று துரை சிரிக்க ஆரம்பித்துவிடுவார்.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள், மருமகள் தாரிணி குடிக்கிற பாலில் விசாலம் எதையோ கலந்தாள். பின்னணி இசை அதிர்ந்தது. துரையிடமிருந்து சத்தமே இல்லை. ரமாபாய் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னாய்யா, பால்ல வெசத்தைக் கலக்குறா, சும்மா கீற?”

“நாக்குல புண்ணு. பேசுனா எரியுது.”

“எத்தினி நாளா?”

அவர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு மாதமாம். வேலையில் அலுப்புத் தெரியாமலிருக்க, பாக்கும் புகையிலையும் கலந்த மாவாவை வாயில் அடக்கிக்கொள்வார். எத்தனையோ பொட்டலத்தைப் பிடுங்கி ரமாபாய் மாடியிலிருந்து கீழே எறிந்திருக்கிறாள்.

கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். நாக்கை எடுக்கவேண்டும் என்றார் டாக்டர்.

“எடுத்தா பேசுவாரா சார்?”

“உயிரோட இருப்பார்மா.”

ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின நாள் துரை எரிச்சலைப் பொருட்படுத்தவில்லை. விளம்பரத்தின்போதுகூட நிறுத்தாமல் பேசினார். விசாலம், அவள் பிள்ளை, வக்கீல், ஜோசியக்காரன் என்று ஒருத்தரையும் விடவில்லை. ரமாபாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. சீரியல் முடிந்து செய்தி வந்த பிறகும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் எழுந்தார்.

ஆபரேஷன் முடிந்து மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்தபின், இரண்டு மாதம் டிவியை யாரும் போடவில்லை. ஒருநாள் சாயங்காலம் காத்தூன் பீவி வந்தாள்.

“எங்க வூட்டு டிவி பேஜாரு பண்ணுது ரமா. இங்க பாத்துக்கறேன்.”

அது பொய் என்று ரமாபாய்க்குத் தெரியும். இருந்தாலும் போட்டாள். அந்தப் பாலைக் குடித்துக் கோமாவில் கிடந்த தாரிணி அன்றைக்குத்தான் கண் விழித்தாள். ஆனால் நடிகை வேறு. ‘இனி தாரிணியாக இவர்’ என்று கீழே எழுத்து ஓடியது. புருஷன்காரன் வித்தியாசமே தெரியாமல் கட்டிப்பிடித்து அழுதான்.

இரண்டு பெண்களும் தங்களை அறியாமல் துரையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்கள் பளிச்சென்றிருந்தன. டிவியை நோக்கிக் கையை நீட்டினார். வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து காற்றும் ஓர் ஓசையும் வந்தன. எச்சில் வழிந்தது.

“வலிக்குதா அண்ணே?” என்று பதறினாள் காத்தூன் பீவி.

நீட்டிய கை இறங்கியது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் முதுகு குலுங்குவது கதவு வழியே தெரிந்தது. “நான் வந்திருக்கவே கூடாது” என்றாள் காத்தூன் பீவி. ரமாபாய் டிவியை அணைத்தாள்.

மறுநாள் ஏழு மணிக்கு அவளே டிவியைப் போட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, டிவியைப் பார்த்துச் சொன்னாள்: “கட்டின பொண்டாட்டி மூஞ்சி மாறினது கூடவா தெரியாது?”

துரை இல்லையென்று தலையாட்டினார். அவர் சொல்ல வந்தது அது இல்லை.

“பழைய பொண்ணே தேவலன்றியா?”

அதுவும் இல்லை. ரமாபாய் புதிய தாரிணியை உற்றுப் பார்த்தாள். பழையவளைவிட நல்ல சிவப்பு.

“கோமாவுல கெடந்தா கலரு வருமான்றியா?”

ஆமாம் என்று அவர் தலை வேகமாக ஆடியது. அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

அதன்பின் தினமும் அப்படித்தான். எழுதிக் காட்டச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தால் தள்ளிவிடுவார். அவள் சொல்வாள், அவர் தலையாட்டுவார். பத்தில் எட்டு தப்பாகத்தான் போகும். அவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தோன்றும். தோன்றினாலும் அடுத்ததைச் சொல்வாள்.

மாசி மாதம் கழுத்தில் கட்டி வந்தது. இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்து, இயர்போனின் ஒரு முனை அவர் காதிலும் இன்னொன்று தன் காதிலுமாக, செல்போனில் சீரியல் பார்த்தார்கள். அந்த வாரத்தோடு அது முடிந்தது. கடைசி எபிசோடில் எல்லாரும் விசாலத்தை மன்னித்தார்கள். வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நடுவில் விசாலம்.

துரை முதல் தடவையாகப் பேனா கேட்டுச் சைகை செய்தார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் கோணல் கோணலாக எழுதினார்: “இதுக்கா ஆறு வருசம்?”

ரமாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் விடவில்லை. ‘சத்தமா சொல்லு’ என்று கீழே எழுதினார். செல்போனைப் பார்த்து அவள் சொன்னாள். பேனா மறுபடி நகர்ந்தது. ‘இன்னும்.’

“இதுக்கா ஆறு வருசம்?” என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள். பக்கத்துக் கட்டில் கிழவர் சிரித்தார். நர்ஸ் முறைத்தாள். துரை கண்ணை மூடிக்கொண்டு, தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாள் கழித்து, காலையில் அவள் கீழே வெந்நீர் வாங்கப் போயிருந்தபோது உயிர் போய்விட்டது. மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ரமாபாய் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். ஒருநாள் சாயங்காலம் காத்தூன் பீவி வந்து, அவளைக் கேட்காமலேயே டிவியைப் போட்டாள். ஏழு மணிக்குப் புது சீரியல். புது வீடு, புது மாமியார், இரண்டு மருமகள்கள். ரமாபாய் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல யாரு ரமா கெட்டவ?”

“தெரியலக்கா” என்றாள் ரமாபாய். “யாரும் சொல்லல.”