சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள்

இங்கே ஜெர்மனியில், காலையில் தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொள்கிறோம். பூட்டுவதற்குப் பெட்டியும் இல்லை, கதவும் இல்லை. மின்சாரத்தைத்தான் பூட்டுகிறோம். கார் இருக்கைகளுக்கு வெல்டிங் வைக்கும் ரோபோ கைகள் கம்பிவேலிக்குள் நிற்கின்றன. ஒன்று மக்கர் செய்தால், மெயின் சுவிட்சை அணைத்து, அதில் அவரவர் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். பூட்டில் நம் புகைப்படமும் இருக்கும். என்னுடையதில், பர்ஸைத் தொலைத்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பவனைப் போல முழித்துக்கொண்டிருப்பேன்.

குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் நானும் செல்வினும் சேர்ந்து, ரப்பர் தோட்ட மெஷின்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்த நாட்களில் பூட்டெல்லாம் கிடையாது. ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் இரண்டு இரும்பு உருளைகள் உண்டு. நடுவே கையை விட்டுப் பழுது பார்க்கும்போது மோட்டார் ஓடினால் கை சப்பையாகிவிடும். அதனால் ஒருவன் கையை விடும்போது மற்றவன் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்பான். "நான் நிக்கியம்லா மக்கா, நீ கைய விடு" என்பான் செல்வின். தோட்ட முதலாளியே வந்து கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டான். எங்கள் தொழிலில் மரியாதை என்றால் அதுதான். ஒன்பது வருடம் என் பத்து விரல்களையும் அவன்தான் காப்பாற்றித் தந்தான்.

இந்தப் பழக்கத்தோடுதான் விமானம் ஏறினேன். வேலைக்குச் சேர்ந்த நான்காவது மாதம், சோதனைக்காலம் முடியாத நேரம், ஒரு ரோபோ பாதியில் நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்தேன். பக்கத்தில் மார்க்குஸ் நின்றான். என் வயதுதான், தினமும் தன் ரொட்டியில் பாதியை எனக்குப் பிய்த்துத் தருபவன். அவன் நிற்கும்போது பூட்டைப் போட எனக்குக் கூச்சமாக இருந்தது. உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது போலாகிவிடுமே. பூட்டாமல் உள்ளே போனேன்.

கொஞ்ச நேரத்தில் மார்க்குஸ் என்னை வெளியே கூப்பிட்டான்.

"உன் பூட்டு எங்கே?"

"நீதான் நிற்கிறாயே" என்றேன், என் அரைகுறை ஜெர்மனில், சிரித்துக்கொண்டே.

அவன் முகம் வெளுத்துவிட்டது. நேரே ஃபோர்மேனிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

அன்று எனக்கு வந்த கோபம் சாதாரணமில்லை. வேலை போனால் விசா போகும்; மனைவி ஷைனியும் மகளும் இங்கே வருவதற்குக் கொடுத்த விண்ணப்பமும் அதோடு போகும். கூடச் சாப்பிட்டவனே காட்டிக்கொடுத்துவிட்டானே என்று மனம் ஆறவில்லை. ஆனால் மறுநாள் விசாரணையில் எனக்காகப் பேசியதும் மார்க்குஸ்தான். "நான் காவல் நிற்கிறேன் என்று நம்பி இவன் உள்ளே போயிருக்கிறான். எனக்கு அது தெரியாது. நான் காபி எடுக்கத் திரும்பிவிட்டேன். யாராவது வந்து சுவிட்சைப் போட்டிருந்தால், அதற்குப் பிறகு நான் எப்படி வாழ்வேன்?" என்றான். எச்சரிக்கைக் கடிதத்தோடு என்னை விட்டார்கள். பூட்டு அவனையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் போடாமல் உள்ளே போனதில்லை.

ஷைனிக்கும் மகளுக்கும் விசா கிடைத்ததும், அவர்களை அழைத்துவர ஊருக்குப் போனேன். பட்டறையில் செல்வின் ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"வந்தியா மக்கா? ஒராளு இல்லாம இது ரெண்டு நாளாட்டு கெடக்கு. நான் நிக்கியேன், நீ கைய விடு."

சட்டைக்கையை மடித்துக்கொண்டு போனேன். உருளைக்கு ஒரு சாண் முன்னால் என் கை நின்றுவிட்டது. மறுபடியும் முயன்றேன். போகவில்லை. இத்தனை காலம் காத்தவன் பக்கத்தில் நிற்கிறான், என் கண்ணோ சுவிட்சில் பூட்டைத் தேடுகிறது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"என்னடே, பேடிக்கியா? என்ன பயம்?"

மார்க்குஸ் கதையைச் சொன்னேன். செல்வின் சுவரிலிருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டான்.

"இன்னா, கரண்டு ஒனக்க பையில கெடக்கு. இப்பம் விடு."

பீங்கான் கட்டைகளின் கனத்தில் சட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது. உருளைகளுக்கு நடுவே கையை விட்டேன். பாதி வேலையில் நிமிர்ந்து பார்த்தபோது, இனி யார் நினைத்தாலும் ஓடாத அந்த மோட்டாரின் சுவிட்சை விட்டு நகராமல், செல்வின் நின்றுகொண்டிருந்தான்.